சிவப்புக் காரின் ஒழுக்கு

சயாமுக்குப் போகிற இருபது பேரின் பட்டியலில் அய்யாவுவின் பெயர் பதினான்காவதாக இருந்தது. தோட்டத்து ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணி மாணிக்கவாசகத்தின் கையெழுத்து அச்சில் வார்த்தது போல இருக்கும். தன் பெயர் இவ்வளவு அழகாக எழுதப்பட்டு அய்யாவு அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மலாயாவின் கெடா மாநிலத்தில், கோலா கெத்தில் ஊருக்குப் போகிற சடக்கின் ஒன்பதாவது மைலில் இருந்த ஒன்பதாம் கட்டை ரப்பர் தோட்டத்தில் அவன் இருபது வருஷமாக லோரி மெக்கானிக். ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து லோரி இரண்டையும் பட்டாளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். லோரி இல்லாத தோட்டத்தில் லோரி மெக்கானிக்குக்கு என்ன வேலை? ஆகவே அய்யாவு வேலையில்லாதவன். வேலையில்லாதவன் சும்மா இருக்கக்கூடாது. சும்மா இருப்பவன் சயாமுக்குப் போய் ரயில் பாதை போட வேண்டும். கிராணியின் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை கிடையாது. லோரியைப் பிடுங்கியது யார் என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடம் இல்லை.

சயாம் என்றால் என்னவென்று அந்த 1943 ஏப்ரலில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது போலப் பேச வேண்டும், அவ்வளவுதான். ஆபீஸ் பலகையில் மூன்று மாத வேலை, மூன்று வேளை அரிசிச் சோறு, இலவச மருந்து என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன எழுபது பேரில் ஒரே ஒருவன் திரும்பி வந்தான். அவனுக்கும் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. பத்து நாளில் அவனையும் புதைத்துவிட்டார்கள். அய்யாவுவின் பெண்சாதி ராக்காயி அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்.

“ஏங்க, நீங்க கிராணி கால்ல விழுங்க. வெக்கப்படாதீங்க. மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நா என்ன செய்வேன்?” என்றாள்.

அய்யாவு விழத் தயாராகத்தான் இருந்தான். காலில் விழுவதற்கு முன்னால் கார் வந்து சேர்ந்தது.

அந்தக் கார் எங்கிருந்தும் வரவில்லை. தோட்டத்திலேயேதான் இருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை மடங்கும், நீள மூக்குள்ள சிவப்பு நிறச் சீமைக் கார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வாலிபனாக வந்தபோது கப்பலில் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அவர் பினாங்குக்கு விரட்டுவார், திங்கட்கிழமைகளில் அய்யாவு அதைத் தள்ளிக்கொண்டு வருவான். ஜப்பான்காரன் எல்லையைத் தாண்டிவிட்டான் என்று சேதி வந்த அன்று, துரை அதில் ஏறி அரைக் கட்டை தூரம் போய், முன்னால் ஆவி கிளம்பியதும் இறங்கி, ஆஸ்பத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். சாம்ராஜ்யம் போனதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். இந்தத் தோட்டத்தைப் பொறுத்தவரை அது தண்ணீர்த் தொட்டி ஒழுகிப் போனது.

ரப்பர் சீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால் கீற்றுக்கடியில் கிடந்த அந்தக் காரைக் கேப்டன் மொரினோ கண்டுபிடித்தார். சுங்கை பட்டாணியில் இருந்த ஜப்பான் பட்டாளத்துக்கு அவர்தான் தலைவர். குள்ளமான மனிதர், நீளமான வாள். காரைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். மூன்றாவது சுற்றில் அவருக்கு அதன் மேல் காதலே வந்துவிட்டது.

“இனி காடி சாயா பூஞா!” என்றார். இந்தக் கார் என்னுடையது என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த மலாய் அரைகுறைதான், அதிகாரத்துக்கு அது போதும். இருபத்தொன்பதாம் தேதி சக்கரவர்த்தியின் பிறந்த நாள். சுங்கை பட்டாணி பாடாங்கில், அதாவது ஊர்த் திடலில், ஊர்வலம். அந்த ஊர்வலத்தில் இந்தக் காரை அவரே ஓட்டி வரவேண்டும். நடுவில் இருந்தது ஒன்பதே நாள்.

மாணிக்கவாசகம் இடுப்பை ஒடித்து வணங்கி, “ஹாய்!” என்று ஜப்பான் பாஷையில் ஆமோதித்தார். துரை காலத்தில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தவர் இப்போது தலையை மொட்டையடித்திருந்தார். அவருடைய இடுப்பு முன்பே வளைந்து பழகியதுதான், திசைதான் மாறியிருந்தது. கைக்கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்து, விடிவதற்கு ஒன்றரை மணி முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எல்லாரையும் கூப்பிடுவார். தோட்டத்துச் சேவல்கள் மட்டும் பழைய அரசாங்கத்துக்கே விசுவாசமாக இருந்தன.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. தோட்டத்தில் யார் செய்த நல்ல வேலையும் மேலே போகும்போது கிராணியின் பெயரில் போகும். கிராணி செய்த தப்பு கீழே வரும்போது யாராவது ஒரு தொழிலாளியின் பெயரில் வரும். மழைக்காலத்தில் அய்யாவு இடுப்பளவு வெள்ளத்தில் நின்று பம்பு எஞ்சினைக் காப்பாற்றினான். துரையின் பாராட்டுக் கடிதம் கிராணி வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. இதில் யாரும் வருத்தப்பட்டதில்லை. மழை மேலேயிருந்து பெய்வதற்கு யார் வருத்தப்படுகிறார்கள்?

கேப்டன் போனதும் கிராணி அய்யாவுவைக் கூப்பிட்டார்.

“டேய், கார் ஒரு சொட்டு ஒழுகாம ஊர்வலம் போய்ச் சேர்ந்தா, பதினாலாவது பேரை அடிச்சிர்றேன். ஒழுகிச்சு, நீ சயாம்தான். வெளங்குதா?”

“வெளங்குதுங்க ஐயா,” என்றான் அய்யாவு. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அன்று பசித்தது.

காரை நிழலுக்குத் தள்ளி, மூடியைத் திறந்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். தண்ணீர் ஒழுகுகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறு. சொட்டுகிற இடத்தைப் பார்த்துச் சண்டைக்குப் போகிறவன் ஒருநாளும் ஒழுக்கைப் பிடிக்கமாட்டான். அய்யாவு வெளிப்பக்கம் முழுவதையும் ஈரம் போகத் துடைத்துவிட்டு, கிராணியின் வீட்டுப் பின்வாசலில் போய்க் கொஞ்சம் மாவு கேட்டான்.

கிராணியின் மனைவி சீதாலட்சுமி ஒரு சிரட்டையில் மரவள்ளி மாவு கொண்டுவந்து கொடுத்தாள். “மனுசனுக்கே திங்கறதுக்கு இல்ல, காருக்கு மாவு பூசப் போறியா அய்யாவு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, உள்ளே போய் அவித்த கிழங்கு இரண்டு துண்டும் கொண்டுவந்து கொடுத்தாள். தோட்டத்தில் அவளைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

மாவைத் தூவிவிட்டு அய்யாவு குந்தி உட்கார்ந்து காத்திருந்தான். கால் மணியில் மாவில் ஒரு கோடு கறுத்தது. மேலே பித்தளைத் தொட்டி, கீழே கூடு. இரண்டையும் பதினாறு போல்ட்டு இழுத்துப் பிடித்திருந்தது. நடுவில் இருந்த ரப்பர் பேக்கிங் காய்ந்து கருவாடாகியிருந்தது. தொட்டியைக் கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தொட்டியின் உதடு இடது பக்கம் வளைந்திருந்தது. ஒழுகும்போதெல்லாம் துரை தானே ஸ்பேனரை எடுத்து அந்த ஒரு பக்கத்தையே இறுக்கியிருக்கிறார். இறுக்க இறுக்க எல்லாம் நிற்கும் என்பது அந்த ஜாதிக்கு ஒரு நம்பிக்கை.

வேலை பெரிதில்லை. உதட்டை மட்டமாக்கிப் புது பேக்கிங் வைக்க வேண்டும். பேக்கிங்குக்கு ரப்பர் வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரமாக நிற்கிற ஊரில் அய்யாவு ஒரு முழ ரப்பருக்கு முழித்தான்.

“சைக்கிள் டியூப்பு ஒண்ணு வேணுங்க ஐயா.”

கிராணி பேனாவை வைத்தார். தோட்டத்தில் இருந்த சைக்கிள்களையெல்லாம் பட்டாளம் பிடுங்கிக்கொண்டுபோய் ஒரு வருஷம் ஆயிற்று. மிஞ்சியது ஒன்றுதான். அது கிராணியுடையது. அதை அவர் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார், மழை வந்தால் தான் நனைந்து அதற்குச் சாக்குப் போர்த்துவார்.

“சைக்கிள் எதுக்குடா? ஸ்டோர் நெறையா ரப்பர் சீட்டு தொங்குது. நாம்பர் வான் சீட்டு, மொதல் தரம்! அத வெட்டி வை.”

“ஐயா, அது பச்ச ரப்பருங்க. சூடு பட்டா எளகிப் போயிரும். கந்தகம் போட்டு வேகவச்ச ரப்பருதான் வெந்நிக்குத் தாங்கும்.”

“கெடா பூரா ரப்பர் காடு. இங்க ரப்பர் இல்லன்னு கேப்டன்கிட்ட நான் போயி சொல்லணுமா? தலைய எடுத்து சடக்குல வச்சிருவான்லா!” கிராணியின் குரல் உயர்ந்தது. “இது நம்ம ரப்பர்டா. ஆசியா ரப்பர். வெள்ளக்காரன் சொன்னதையே நீ இன்னும் நம்பிக்கிட்டு இருக்க.”

தோட்டத்தில் எல்லாரும் கிராணி பக்கம்தான் பேசினார்கள், ராக்காயி உள்பட. அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. பால் வெட்டி, உறைய வைத்து, உருட்டி, புகை போட்டு, தங்க நிறத்தில் மடித்து அனுப்புவது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். அது கப்பலேறிப் போய் டயராக, டியூபாகத் திரும்பி வந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதைச் சீமைக்காரன் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆயுசு முழுக்க ரப்பர் செய்தவர்கள் ரப்பரைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நல்ல சீட்டாகப் பொறுக்கி எடுத்தார்கள். கிராணி தம் கையாலேயே அளவெடுத்து, ஆபீஸ் கத்தரியால் வெட்டினார். அய்யாவு பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினான். பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. கிராணிக்கு வாயெல்லாம் பல்.

இருபத்து மூன்றாம் தேதி கேப்டன் ஓட்டிப் பார்க்க வந்தார். ஓட்டுகிற இடத்தில் அவர், பக்கத்தில் கிராணி, பின்னால் பெட்டி கட்டுகிற கம்பியில் தண்ணீர் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அய்யாவு. காற்று நன்றாக அடிக்கட்டும் என்று கேப்டன் முன் கண்ணாடியைப் படுக்க மடித்துவிட்டார். சிடாம் கிரி வரைக்கும் கார் பறந்தது. கேப்டன் பாட்டுப் பாடினார், பாட்டு தெரியாத கிராணியும் பாடினார். மேட்டில் ஏறும்போது புகைக் கொட்டகை வாடை அடித்தது. அய்யாவு கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் வெள்ளை ஆவி வந்தது. பிறகு அந்த ஆவியோடு நாம்பர் வான் சீட்டு வந்தது. உருகி, நூல் நூலாக இழுபட்டு, காற்றில் மிதந்து வந்து, கேப்டனின் மூக்குக்கண்ணாடியிலும் மீசையிலும் மார்பிலிருந்த பதக்கங்களிலும் ஒட்டிக்கொண்டது. அவர் துடைக்கத் துடைக்க அது நீண்டது. கை விரலுக்கும் மீசைக்கும் நடுவில் ஒரு பாலம் உண்டாயிற்று.

“பாக்கெரோ!” என்று ஜப்பான் பாஷையில் வைது, கேப்டன் கீழே இறங்கிக் கிராணியின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். கிராணி நிமிர்ந்து, வணங்கி, திரும்பி, அய்யாவுவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். மேலேயிருந்து வந்த அறை ஒழுங்காகப் படி இறங்கி வந்து சேர்ந்தது. அய்யாவுவுக்குக் கீழே யாரும் இல்லாததால் அது அங்கேயே நின்றுவிட்டது. அவன் ரேடியேட்டர் ஆறுகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

இருபத்தொன்பதாம் தேதியும் ஒழுகினால் கிராணியின் தலை ஒழுகும் என்பதைக் கேப்டன் வாளைத் தொட்டுக் காட்டி விளக்கினார். அதற்கு மலாய் தேவைப்படவில்லை.

மறுநாள் சைக்கிள் டியூப் கிடைத்தது. சீதாலட்சுமி சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, அய்யாவு சக்கரத்தைக் கழற்றினான். கிராணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“பின்னாடி டியூப்ப விட்டுருடா. முன்னாடி மட்டும் எடு,” என்றார் திரும்பாமலே.

“ரெண்டும் வேணுங்க ஐயா. அகலம் பத்தாது.”

கிராணியின் தோள் குலுங்கியது. பட்டியலில் இருபது பெயர்களை எழுதியபோது குலுங்காத தோள் அது.

டியூப்பை நீளவாக்கில் கீறி, பலகைக்கடியில் வைத்து மட்டமாக்கி, துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின் நாக்கு மற்றொன்றின் வாயில் போய் உட்காரும்படி கோத்தான். போல்ட்டுக்கு ஓட்டை போட, பட்டாளத்தான் வீசியெறிந்த தோட்டாக் கூடு ஒன்றை உளியாக வைத்துத் தட்டினான். தொட்டியின் உதட்டை மட்டமாக்குவதுதான் பாக்கி. அதற்குத் துளிக்கூட மேடுபள்ளம் இல்லாத ஓர் இடம் வேண்டும். தோட்டம் முழுவதிலும் அப்படி மட்டமாக இருந்தது ஒன்றே ஒன்று. கிராணியின் மேஜைக் கண்ணாடி.

கிராணி வெளியே போயிருந்தார். அய்யாவு ஆபீசுக்குள் போய் அந்தக் கண்ணாடியைத் தூக்கினான். அடியில் ஜப்பான் சக்கரவர்த்தியின் படம் இருந்தது. தினமும் கிராணி கும்பிடுகிற படம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அதுவும் மேலே வந்தது. அதற்கடியில் இங்கிலீஷ் ராஜாவின் படம் பத்திரமாக இருந்தது. ஒரு மூலைகூட மடங்கவில்லை. எந்த நேரத்தில் யார் வந்தாலும் மேலே இருப்பதை உருவிவிட்டால் போதும்.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். வாசற்படியில் கிராணி நின்றுகொண்டிருந்தார்.

இந்தப் படத்துக்கு என்ன தண்டனை என்பது இருவருக்கும் தெரியும். கோலா கெத்திலில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ஒரு கடைக்காரரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“என்னடா பார்த்த?”

“தூசி இருந்துச்சுங்க ஐயா. தொடைச்சிட்டேன்,” என்றான் அய்யாவு. படத்தின் மேல் படத்தை வைத்தான். கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவனுக்கு அதை யாரிடமும் சொல்லும் எண்ணமே இல்லை. ராக்காயியிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் கிராணி தன்னை அளந்து மற்றவர்களைப் பார்க்கிறவர். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் சும்மா இருப்பான் என்று அவரால் நம்ப முடியவில்லை. பார்த்தவன் தோட்டத்தில் இருக்கக்கூடாது என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார். அய்யாவு கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, தொட்டியின் உதட்டை அதன் மேல் வைத்து நாள் முழுக்க மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்க்கத் தேய்க்கத் தன் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து தேய்ந்து போகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பேக்கிங்குக்கு இரண்டு பக்கமும் லேசாக கிரீஸ் தடவி, தொட்டியை உட்கார வைத்தான். ஒரு போல்ட்டு, அதற்கு நேர் எதிர் போல்ட்டு, பிறகு குறுக்கே இன்னொன்று என்று கால் திருகு கால் திருகாக இறுக்கினான். எஞ்சினைச் சூடேற்றி, ஆற விட்டு, மறுபடியும் அதே வரிசையில் ஒரு சுற்று. மாவு தூவிப் பார்த்ததில் மாவு மாவாகவே இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அவன் செய்ததில்லை. இது தன் உயிர் என்பதை மறந்துபோய், வேலையின் அழகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தெட்டாம் தேதி ஆபீஸ் வாசலில் போய்க் கேட்டான். “ஐயா, அந்தப் பேரு...”

“மொதல்ல கார் போய்ச் சேரட்டும்,” என்றார் கிராணி, பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

கார் போய்ச் சேர்ந்தது. சிடாம் கிரி மேட்டில் ஆவி இல்லை, வாடை இல்லை. சுங்கை பட்டாணி பாடாங்கில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சூரியக் கொடியை ஆட்டினார்கள். எல்லாரும் கிழக்கே பார்த்து வணங்கினார்கள். கிழக்கு எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் முதுகைப் பார்த்து வணங்கினார்கள். கேப்டன் மொரினோ பாடாங்கை மூன்று சுற்று சுற்றி, மேடைக்கு முன்னால் காரை நிறுத்தினார். காருக்கடியில் புல் உலர்ந்தே இருந்தது. தண்ணீர் டின்னோடு பின்னாலிருந்து இறங்கிய அய்யாவு முதலில் அதைத்தான் குனிந்து பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

மேடையில் ஒரு கர்னல் இருந்தார். கேப்டனே வணங்குகிற மனிதர். அவர் இறங்கி வந்து காரைத் தடவிப் பார்த்தார், மூக்கைத் திறக்கச் சொல்லிப் பதினாறு போல்ட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் செய்தது என்று ஜப்பான் பாஷையில் கேட்டார்.

மாணிக்கவாசகம் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர். கேப்டன் வாயைத் திறப்பதற்குள் முன்னால் வந்து இடுப்பை ஒடித்தார். “வாத்தாகுஷி!” என்றார். நான்தான் என்று அர்த்தம். பட்டாளம் நடத்திய வகுப்பில் படித்த ஜப்பான் பாஷை பாதியும் மலாய் பாதியுமாக, தொட்டியைக் கழற்றியது, உதட்டை மட்டமாக்கியது, சொந்த சைக்கிளின் ரப்பரைத் தியாகம் செய்தது எல்லாவற்றையும் விவரித்தார். அய்யாவுவைக் காட்டி, “இனி ஓராங் பாவா ஆயேர் சாஜா,” என்றார். இவன் வெறும் தண்ணீர் சுமக்கிறவன். சயாம் பட்டியலில் இருக்கிறான், நாளைக்குப் போய்விடுவான்.

அய்யாவுவுக்குத் தலையில் இடி விழுந்தது. டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கர்னல் கிராணியின் தோளில் தட்டினார், சந்தோஷமாக ஏதோ சொன்னார். கேப்டன் அதை மலாயில் திருப்பினார். கர்னல் சயாம் ரயில் பாதையைப் பார்த்துக்கொள்கிறவர். அங்கே காட்டுக்குள் நாற்பது லோரி ரேடியேட்டர் ஒழுகி நிற்கிறது. கையில் இப்படிப்பட்ட வித்தையை வைத்துக்கொண்டு இந்த மனிதன் ஆபீசில் பேனா பிடிப்பது சக்கரவர்த்திக்குச் செய்கிற துரோகம். நாளை ரயிலில் இவர் போகிறார்.

கிராணியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. “துவான், தீடா! தீடா! சாயா இல்ல, இவன், இவன்தான்!” என்று, தான் இல்லவே இல்லை என்பதைத் தமிழும் மலாயும் குழம்பக் கத்தி, அய்யாவுவைப் பிடித்து முன்னால் இழுத்தார். “இவன்தான் எல்லாம் செஞ்சான் துவான்! டேய் அய்யாவு, சொல்லுடா! நீதானே செஞ்ச, சொல்லுடா!”

கேப்டன் அய்யாவு பக்கம் திரும்பினார். “சியாப்பா?” என்றார். யார்?

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அய்யாவு செய்த வேலை அய்யாவுவுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லப்பட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அது அவனுடையது. அவன் ராக்காயியை நினைத்தான், கடைசிப் பிள்ளையை நினைத்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தவனையும் நினைத்தான். சீதாலட்சுமி கொடுத்த கிழங்கும் நினைவுக்கு வந்தது. அதுதான் தொண்டையில் நின்றது.

“துவான் கிராணி பூவாட்,” என்றான். கிராணி ஐயாதான் செய்தார். “சாயா பாவா ஆயேர்.” நான் தண்ணீர் சுமந்தேன்.

கர்னல் சிரித்தார். பொறுப்புக்குப் பயந்த திறமைசாலிகளை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். இருபது என்றால் இருபதுதான், இருபத்தொன்றுக்கு ரயிலில் இடம் இல்லை என்றார் கேப்டன். தன் காருக்குத் தண்ணீர் ஊற்ற இந்த ஆள் தனக்கு வேண்டும் என்றும் சொன்னார். பட்டியலை எடுக்கச் சொன்னார். தமிழ் தெரியாததால் கிராணியையே திருத்தச் சொன்னார். மாணிக்கவாசகம் பதினான்காவது பெயரை அடித்துவிட்டு, மேலே தம் பெயரை எழுதினார். அந்த ஒரு வரி மட்டும் கோணலாக வந்தது.

மறுநாள் சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் மூடிய சரக்கு வண்டிகள் நின்றன. அய்யாவு வரவேண்டாம் என்று ராக்காயி தடுத்தாள். அவன் வந்தான். முந்தின இரவு நிம்மதியாகத் தூங்குவோம் என்று நினைத்துப் படுத்தவன் கண்ணை மூடவே இல்லை. கிராணி கெட்டவர்தான். ஆனாலும், கெட்டவருக்கும் கால் இருக்கிறது, அதில் சதை இருக்கிறது.

மாணிக்கவாசகம் வண்டியின் கதவோரம் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். அருகில் தோட்டத்து ஆட்கள் பத்தொன்பது பேரும் இருந்தார்கள். அவர் எழுதிய வரிசையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அய்யாவுவைப் பார்த்ததும் அவர் திட்டவில்லை. பைக்குள்ளிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

“அய்யாவு, சொல்லுப்பா,” என்றார். “மொதல்லேருந்து சொல்லு. அங்க போயி எனக்குத் தெரியலன்னா என்னைய என்ன செய்வானுங்கன்னு உனக்குத் தெரியும்.”

“சூடா இருக்கறப்ப மூடியத் தொறந்துறாதீங்க ஐயா. மூஞ்சி வெந்துரும். ஈரத்துணி போட்டு, கொஞ்சமா திருகி, ஆவிய விட்டுட்டுத்தான் தொறக்கணும்.”

“ஈரத்துணி,” என்று எழுதிக்கொண்டார் கிராணி.

“டியூப்பு கெடைக்கலன்னா பழைய பூட்ஸ் தோலு எண்ணெயில ஊறப்போட்டு வெட்டி வைங்க. தாங்கும்.”

“எத்தன நாள் ஊறணும்?”

“ரெண்டு நாளு. அவசரம்னா ஒரு நாளு.”

“போல்ட்டு எந்தப் பக்கம் திருகினா கழலும்?”

அய்யாவு அவரைப் பார்த்தான். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவன் வண்டிக்குள் கையை நீட்டி, கிராணியின் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். “இப்படித் திருகினா கழலும். இப்படித் திருகினா இறுகும்.” அந்தக் கை எண்ணெய் படாத மெத்தென்ற கை. இதை வைத்துக்கொண்டு நாற்பது லோரி.

காவலாளி கதவைத் தள்ளி மூடினான், வண்டி நகர்ந்தது. “சோல்டர் வைக்கறது எப்படி, அதச் சொல்லலியே!” என்று கிராணி உள்ளேயிருந்து கத்தினார். அய்யாவு கதவோடு ஓடிக்கொண்டே சொன்னான். மொதல்ல நல்லா தேச்சு சுத்தம் பண்ணணும், தகடு சூடாகணும், தகட்டுச் சூட்டுலதான் ஈயம் உருகணும். சொல்லி முடிப்பதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

திரும்பி நடந்தபோது சீதாலட்சுமி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு நேற்று நடந்தது முழுவதும் தெரியும். ஊருக்கே தெரியும். அவள் அவனைச் சபிப்பாள் என்று எதிர்பார்த்து அய்யாவு தலையைக் குனிந்துகொண்டான்.

“அய்யாவு,” என்றாள். “கத்துக்கிட்டாரா?”

“கத்துக்கிட்டாருங்கம்மா,” என்றான் அய்யாவு. “ஐயாவுக்கு நல்ல கைங்கம்மா. சீக்கிரமே புடிச்சிக்கிட்டாரு.”

அவள் தலையாட்டினாள். அவன் சொன்னதை நம்பியது போலத்தான் இருந்தது. இருவரும் வெயிலில் ஒன்பதாம் கட்டை வரைக்கும் நடந்தே போனார்கள், அய்யாவு பத்தடி பின்னால்.